ஃபியூஸ் போட்டவன்

வீட்டில் அவருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தோடு சரி. பேச ஆரம்பித்தால் அவராக நிறுத்தினால்தான் உண்டு, திருகி அணைக்க ஒரு குமிழ்கூடக் கிடையாது என்று மனைவி கல்யாணமான ஆறாம் மாதமே சூட்டிய பட்டம் அது. முப்பத்திரண்டு வருஷம் ஒரு மாவு மில்லுக்கு விற்பனை ஆளாக ஊர் ஊராகச் சுற்றியவர். மைதா மூட்டையை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். ஆனால் மூட்டை இறக்கிய பேக்கரிக்காரர் "அடுத்து எப்ப சார் வருவீங்க?" என்று கேட்டாரென்றால் அது மைதாவுக்காக இல்லை, கதைக்காக. ரேடியோவிடம் ஏழெட்டுக் கதைகள் உண்டு. எங்கே சொன்னாலும் எடுபடுகிற கதை, தம்பி ஃபியூஸ் போட்ட கதை.

அவருடைய அப்பா பேக்கரி நடத்தியவர். அங்கே மாவு பிசைகிற மெஷின் ஒன்று இருந்தது. இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தொட்டி, அதற்குள் சுற்றும் வளைந்த இரும்புக் கை. ஒவ்வொரு பிசைவு முடிந்ததும் யாராவது தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு ஒட்டிய மாவைச் சுரண்டியாக வேண்டும். அதற்கு அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். சுரண்டப் போகிறவன் முதலில் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து அவன் கையாலேயே திரும்பச் சொருக வேண்டும். ஃபியூஸே கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் மெஷின் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை. இதில் இன்னொரு கூத்து, மெஷினுக்கும் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறிக்கும் ஒரே ஃபியூஸ். ஒயர் மிச்சம் பிடிக்க அப்பா தானே யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

இதற்குமேல் ரேடியோ சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

"அன்னிக்குன்னு பாத்து வெக்கை மண்டையைப் பொளக்குது. அப்பா சட்டையைக் கழட்டிட்டு பனியனோட நிக்கறார். பனியனுக்கு ஏதுங்க பை? கட்டையைக் கழட்டி சர்க்கரை டின் மூடி மேல வெச்சிட்டு தொட்டிக்குள்ள கையை விட்டுட்டார். அப்பத்தான் நம்ம சின்னவர் வர்றார். வயசு பதினாலு. காய்ச்சல்னு வீட்டுல படுத்திருக்க வேண்டியவர், எழுந்து வந்துட்டார். அண்ணாந்து பாக்கறார், காத்தாடி நிக்குது. துரைக்குக் காத்து வேணுமே! டின் மேல கட்டை இருக்கு. எடுக்கறார், கையெல்லாம் சர்க்கரைப் பாகு, பிசுபிசுன்னு ஒட்டுது. டிரவுசர்ல துடைச்சிக்கிட்டு, ஏதோ ஊருக்கே வெளிச்சம் குடுக்கற மாதிரி போர்டுல சொருகினார் பாருங்க..."

இந்த இடத்தில் நிறுத்துவார். கேட்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"காத்து வந்துச்சு" என்பார் ரேடியோ.

அப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல் போனது. மணிக்கட்டு மடங்காமல் நின்றுவிட்டது. அதெல்லாம் நாற்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம். காயம் ஆறியபின் வீட்டில் இது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டிருந்தது. சின்னவன் எந்த அறையில் மின்விசிறியைப் போட்டாலும் இருக்கிறவர்கள் எல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு "கையை எடுத்துக்குங்கப்பா!" என்று கத்துவார்கள். அப்பாவும் மிச்சமிருந்த இரண்டு விரலைத் தூக்கிச் சிரிப்பார். சின்னவனும் சிரிப்பார். நாளடைவில் அவர் மின்விசிறியே போடுவதில்லை.

சிரித்ததோடு அவர் நிற்கவில்லை. பதினெட்டு வயதில் வேறு ஊரில் நிலம் அளக்கும் சர்வேயர் படிப்புக்கு அவருக்கு இடம் கிடைத்தது. சேரச் சொல்லி வந்த கடிதத்தை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் வர இயலாது என்று எழுதிப் போட்டார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள், அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட யார் இருக்கிறார்கள் என்றார். அண்ணன் அதற்குள் மில் வேலைக்குப் போயிருந்தார். பேக்கரி சின்னவன் தலையில் விழுந்தது. காலையில் அப்பாவுக்கு முகம் மழித்துவிடுவது, பொத்தான் போடுவது, சோற்றைப் பிசைந்து வைப்பது, செருப்பு வாரைப் பூட்டுவது எல்லாம் அவர்தான். போன வருஷம் தொண்ணூறு வயதில் அப்பா போய்ச் சேர்ந்த அன்றும் கடைசிப் பொத்தானைப் போட்டவர் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அப்பாவையே கட்டிக்கிட்டாச்சு, இன்னொன்னு எதுக்கு?" என்று கேட்டவரையும் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியது வீட்டை ஒழிப்பதற்காக. பேக்கரிக்கு மேலே மாடியில்தான் வீடு. சின்னவனுக்கு அறுபத்தொன்று, முழங்கால் இரண்டும் தகராறு. பின்தெருவில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்திருந்தார்கள். ரேடியோவும் மனைவியும் மகளும் மருமகனும் காலையிலேயே வந்து அட்டைப்பெட்டிகளில் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். அப்பாவின் பீரோ ரேடியோவின் பங்குக்கு வந்தது. குனிந்து நிமிர்கிற வேலை அவருக்கு ஆகாது, உட்கார்ந்த இடத்தில் காகிதம் பிரிக்கட்டும் என்று மகள் நாற்காலியைப் போட்டுக் கொடுத்தாள்.

பீரோவின் அடித்தட்டில் நாடா கட்டிய ஒரு கோப்பு இருந்தது. மெஷின் வாங்கிய ரசீது, உரிமம் புதுப்பித்த தாள்கள், அவற்றுக்கடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அதோடு குத்தியிருந்த தாள் ஒரு கார்பன் நகல். விபத்தை விசாரிக்க வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலம். ரேடியோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, புதிதாக ஒரு கதை கிடைத்ததென்ற உற்சாகத்தோடுதான் படிக்க ஆரம்பித்தார்.

"அன்று காலை பத்தே கால் மணிக்கு நான் பிசையும் அறைக்குள் வந்தேன். வெக்கையாக இருந்ததால் மின்விசிறி போடுவதற்காக, சர்க்கரை டின்மேல் கழற்றி வைத்திருந்த ஃபியூஸை எடுத்துப் போர்டில் போட்டேன். என் தகப்பனார் தொட்டிக்குள் கை வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டுக் கத்திய பிறகே கவனித்தேன். அப்போது அறையில் வேறு யாரும் இல்லை. என் தம்பி பொன்னுக்குவீங்கி கண்டு நான்கு நாளாக வீட்டில் படுக்கையில் இருந்தான்."

கீழே கையெழுத்து. அவருடைய கையெழுத்து. எழுத்தும் அவருடையதுதான், 'ழ'வுக்கு அவர் போடுகிற வால்கூட அப்படியே இருந்தது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தார். திரும்பப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையை நினைத்துப் பார்த்தார். சின்னவன்தான் வந்தான். டிரவுசர், வியர்வை, அண்ணாந்த முகம், எல்லாம் சினிமா மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. சின்னவனை நகர்த்திவிட்டுத் தன்னை அங்கே நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. தன் கையில் அந்தக் கட்டை இருந்ததாக எவ்வளவு யோசித்தும் அகப்படவில்லை.

அகப்பட்டது வேறு ஒன்று. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சட்டை மாற்றுவதற்காக அவர் வீட்டுக்கு ஓடி வந்தார். உள்ளறையில் சின்னவன் தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு படுத்திருந்தான். இரண்டு கன்னமும் உப்பிக் கிடந்தன. அவரைப் பார்த்ததும் அவன் கேட்டது, "அண்ணா, பன் கொண்டாந்தியா?"

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, கதைக்கும் உதவாது. அதனாலேயே ஒரு மூலையில் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது.

அட்டைப்பெட்டி எடுக்க வந்த மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் தாளை நீட்டினார். ரேடியோ பேசாமல் ஒரு பொருளை நீட்டுவது அந்த அம்மாளுக்குப் புதிது. நின்றபடியே படித்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தம்பி அப்பவே சொன்னாரே" என்றார்.

"என்ன சொன்னான்?"

"நான் இங்க வந்த புதுசுல, எங்க அக்கா வீட்டுக்காரர் வந்தப்ப நீங்க இந்தக் கதையைச் சொன்னீங்க. தம்பிக்கு அப்ப பதினாறு வயசு, கதவோரமா நின்னுக்கிட்டு, 'நான் அன்னிக்கு அங்க இல்லையேண்ணா, வீட்டுலதானே படுத்திருந்தேன்'னார். நீங்கதான், 'காய்ச்சல் மண்டைக்கேறிக் கிடந்த, உனக்கென்னடா ஞாபகம் இருக்கும்'னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அப்புறம் ரெண்டொரு தடவை இல்லையேன்னார். அதுக்கப்புறம் சொல்றதை விட்டுட்டார்."

"மாமனாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அவரே தொடர்ந்தார். ரேடியோவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆரம்ப காலத்தில் ஒருமுறை அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரும் அந்தக் கதையையே நம்பிவிட்டாரா, வீட்டுக்குள் ஏன் சண்டை என்று விட்டுவிட்டாரா, இனி யாரைப் போய்க் கேட்பது?

எப்படி நடந்தது என்று ரேடியோ பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். மனைவியின் அப்பாதான் முதலில் கேட்டவர். பெண் கொடுப்பதற்கு முன் பேக்கரியைப் பார்க்க வந்தவர், "கைக்கு என்ன ஆச்சு?" என்றார். பெண் கேட்டு நிற்கிறவன், பெற்ற அப்பன் கையை மெஷினில் விட்டவன் நான்தான் என்று எப்படிச் சொல்வான்? "பசங்க யாரோ தெரியாம ஃபியூஸைப் போட்டுட்டானுங்க" என்றார். அடுத்து யாரோ கேட்டபோது பசங்களில் ஒருத்தன் தேவைப்பட்டான். வீட்டில் பையன் என்று இருந்தது சின்னவன்தான். தம்பி மேல் அவருக்கு ஒரு வன்மமும் இல்லை, உயிராகத்தான் இருந்தார். அவன் பெயரைச் சொன்னால் கதை களை கட்டியது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த நாளை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. போன தடவை சொன்னதைத்தான் ஒவ்வொரு தடவையும் நினைத்துப் பார்த்தார். எடுத்துப் பிசைந்து திரும்ப வைக்கிற மாவில் ஒவ்வொரு தடவையும் விரல் படாமலா இருக்கும்? நாற்பத்தேழு வருஷத்தில் எத்தனை விரல் பட்டதோ, அந்த அறையில் அவரே இல்லாமல் போனார்.

தாளைத் திருப்பிக் கொடுத்து, "போய்ச் சொல்லுங்க" என்றார் மனைவி. "சாப்பாட்டுக்கு முந்தியே சொல்லிடுங்க. தள்ளிப் போட்டா நீங்க சொல்லமாட்டீங்க."

சின்னவன் கீழே பேக்கரியில் இருந்தார். ஞாயிறு மதியம் அடுப்பு அணைந்திருக்கும், ஆட்கள் வரமாட்டார்கள். நீள மேஜையில் தட்டுகளைக் கவிழ்த்துத் துணியால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ரேடியோ ஒரு மைதா மூட்டை மேல் உட்கார்ந்தார். உலகத்தில் எந்த மூட்டைமேல் உட்கார்ந்தாலும் தானாக வருகிற பேச்சு அன்றைக்கு வரவில்லை.

"என்னண்ணா, மாடியேறி எறங்கி மூச்சு வாங்குதா?"

"அது இல்லடா. அன்னிக்கு ஃபியூஸ் போட்டது நீ இல்லை. நான்."

சின்னவன் சிரித்தார். "இது என்ன புதுசா? மருமகனுக்காகக் கதையை மாத்தறியா?"

"கதை இல்லடா. நெஜமாவே. நீ அங்க வரவேயில்லை. பொன்னுக்குவீங்கியோட வீட்டுல கிடந்த."

"எழுந்து வந்தேன்ல?"

"வரலைடா."

சின்னவன் துணியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கோபமில்லாமல், குழந்தைக்கு வழி சொல்கிற குரலில் பேசினார். "அண்ணா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதோ, இந்த எடத்துல நின்னேன். டின் இங்க இருந்துச்சு. கட்டையை எடுத்தப்ப கையில சர்க்கரைப் பாகு ஒட்டிச்சு. அந்தப் பிசுபிசுப்பு இன்னும் உள்ளங்கையில இருக்குண்ணா. சில நாள் காலையில எழுந்து கையைக் கழுவுவேன், சும்மாவே."

சர்க்கரைப் பாகு ரேடியோ சேர்த்தது. எந்த இடத்தில் சேர்த்தார் என்பதுகூடத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருஷம், ரயிலில், எதிரே இருந்த இரண்டு மொத்த வியாபாரிகள் கொட்டாவி விட ஆரம்பித்தபோது கதைக்கு ஒரு ருசி வேண்டுமென்று அந்த நிமிஷத்தில் இட்டுக்கட்டியது. அது காய்ந்த சர்க்கரை டின், அந்த அறைக்குள் பாகே வந்ததில்லை. தான் இட்டுக்கட்டிய பாகைத் தம்பி நாற்பது வருஷத்துக்குமேல் கழுவிக்கொண்டிருக்கிறான்.

"அது நான் சும்மா சொன்னதுடா" என்றார். "கதைக்காகச் சேர்த்தது. நான் சொல்லிச் சொல்லி உனக்கு அப்படி ஆயிடுச்சு."

"நீ சொன்னா என் கைக்கு எப்படித் தெரியும்?"

பன் கேட்ட அந்த ஒரு ஞாபகத்தையாவது கொடுத்துவிடலாம் என்று ரேடியோ நினைத்தார். "கேளு. நான் சட்டை மாத்த வீட்டுக்கு வந்தேன். நீ தலையில துண்டு கட்டிக்கிட்டுப் படுத்திருந்த. கன்னம் ரெண்டும் இப்படி வீங்கிக் கிடந்துச்சு. என்னைப் பாத்ததும், 'அண்ணா, க்ரீம் பன் கொண்டாந்தியா'ன்னு கேட்ட. நான் பதில் சொல்லலை. நீ தண்ணி டம்ளரை எடுத்து..."

நிறுத்திக்கொண்டார். க்ரீம் எங்கிருந்து வந்தது? டம்ளர் எங்கிருந்து வந்தது? அரைமணி முன்னால்வரை வெறும் பன்தான் இருந்தது. இப்போது க்ரீம் இல்லாத பன்னை நினைத்துப் பார்க்க முயன்றால், க்ரீமோடுதான் வந்து நிற்கிறது. யாரிடமும் சொல்லாமல் பத்திரமாகக் கிடந்த ஒன்றே ஒன்றையும் கெடுத்துக்கொண்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

"பொன்னுக்குவீங்கியில வாயே தொறக்க முடியாதுண்ணா, பன் எப்படிக் கேப்பேன்?" என்றார் சின்னவன். பிறகு தட்டுகளைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, "அது நான் இல்லேன்னா, அப்புறம் நான் ஏண்ணா படிக்கப் போகலை?" என்றார்.

அவர் முகம் அப்படி ஆகி ரேடியோ பார்த்ததில்லை. படிக்கட்டில் அடுத்த படி இருக்கிறதென்று காலை வைத்துவிட்டு, இல்லை என்று தெரிகிற நொடியில் ஆகிற முகம். இனி சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாதென்று ரேடியோவுக்குப் பட்டது. சாட்சிக்கு இருந்தது தாள்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சின்னவன் வெளிச்சத்துக்காகக் கதவருகே போய்ப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"அப்பவே இப்படிச் செஞ்சியாண்ணா?"

"என்ன செஞ்சேன்?"

"நான் சின்னப் பையன், போலீசு அது இதுன்னு இழுத்துடுவாங்கன்னு பழியை உன் தலையில போட்டுக்கிட்டியா? நான் வீட்டுலயே இருந்தேன்னு வேற எழுதி, என்னை அந்தப் பக்கமே இல்லாம ஆக்கியிருக்க." தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் இதை வெளியில விடலையே நீ. ஊர்க்கதையெல்லாம் பேசற, இதைப் பேசலையே. இன்னிக்கும் பாரு, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறானே, மனசுல பாரமில்லாம போகட்டும்னு, நான்தான் செஞ்சேன்னு வந்து நிக்கற."

"டேய், கொஞ்சம் கேளுடா..."

"போதும்ணா." சின்னவன் வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் கை. "என்னை யாருமே நெனச்சுப் பாக்கலைன்னு எனக்கு ஒரு கொறை இருந்துச்சு. சொல்றதுக்கென்ன, உன்மேலயும்தான். அந்தக் கதையை நீ சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள்ள குத்தும். இப்ப இல்லைண்ணா."

மேலே சாப்பாடு எடுத்து வைத்தாகிவிட்டது. மேஜையைக் கட்டிவிட்டதால் கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத சின்னவன் அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்தார். தாளை மருமகனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் எப்படி மிரட்டினார் என்றார், இருபத்தொரு வயசுப் பையன் எப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதிக் கொடுத்தான் என்றார். இன்ஸ்பெக்டர் மிரட்டியது யாருக்குத் தெரியும்? அவரே கண்ணால் பார்த்தது போலச் சொன்னார். நன்றாகவும் சொன்னார். இந்த வீட்டில் கதை சொல்ல வருகிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்த ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் அழுதேவிட்டாள். "அப்பா! நீங்களா? வெறும் வாய்னு நெனச்சிட்டேனே உங்களை."

"இல்லம்மா, நெஜமாவே நான்தான் ஃபியூஸைப் போட்டேன். அதுல எழுதியிருக்கறது உண்மைதான்" என்றார் ரேடியோ.

"இன்னுமாப்பா சித்தப்பாவைக் காப்பாத்தணும்? விடுங்கப்பா."

மருமகன், எப்போதும் மாமனார் கதைக்குக் கடிகாரத்தைப் பார்க்கிறவன், இன்றைக்கு மரியாதையாகப் பார்த்தான். மனைவி மட்டும் கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்கிற பார்வை. எழுந்து நின்று, கத்தியாவது, சண்டை போட்டாவது சொல்ல வேண்டும் என்று ரேடியோவுக்குத் தெரிந்தது. சொன்னால் சின்னவன் முகம் கீழே பேக்கரியில் பார்த்த அந்த முகமாகத் திரும்பிவிடும் என்பதும் தெரிந்தது. சர்வேயர் படிப்பையும் நாற்பத்திமூன்று வருஷத்தையும் கொடுத்தது ஒன்றுமில்லாததற்கு என்று ஒருத்தனிடம் எந்த வாயால் சொல்வது? இது தம்பிக்காக வந்த தயக்கமா, தனக்காக வந்ததா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருந்தன. தனக்காக வந்ததுதான் கூட என்று பட்டபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எழுதிக் கொடுக்கும்போது உங்க மனசுல என்னப்பா ஓடிச்சு?" என்றாள் மகள்.

எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு கதைக்கு முன்னால் விழுகிற அமைதி. அந்த அமைதியை நிரப்பாமல் விட்டு அவருக்குப் பழக்கமே இல்லை.

"என்ன ஓடும்? அவன் சின்னப் பையன். நமக்கென்ன, தாங்கிக்கலாம்னு தோணிச்சு" என்றார்.

மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். சின்னவன் அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டு, "ம், சொல்லுண்ணா" என்றார்.

"இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார். பச்சை மை" என்றார் ரேடியோ. நகலில் மையின் நிறம் தெரியாது. அதோடு நிறுத்திவிட நினைத்தாலும் நாக்கு அவர் சொல்படி கேட்கவில்லை. "என் கை நடுங்குது. பச்சை மை ஒரு சொட்டு தாள்ல விழுந்துச்சு" என்றார். சொல்லி முடிக்கையில் அந்தச் சொட்டு தாளில் ஊறிப் பரவியது அவர் கண்ணுக்கே தெரிந்தது.